கை மட்டும் தெரிந்தவர்

மூன்றடிக் கல்வெர்ட்டுக்குப் படம் போட்டாலும் தாளின் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் போட்டாக வேண்டும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று மூன்று வரி. அரசாங்கத்தில் டிராப்ட்ஸ்மேனாக 36 வருஷம் குப்பை கொட்டியதில் எத்தனை வாய்க்காலுக்கும் சாக்கடைக்கும் என் இனிஷியலைப் போட்டேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. அவற்றில் இரண்டு பாலங்களை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. இனிஷியல் மட்டும் ரெக்கார்டு ரூமில் கெட்டியாக இருக்கிறது.

என் கையில் பேனாவைத் திணித்து இந்த வேலைக்குத் தள்ளிவிட்ட மனிதருக்கு அப்படி ஒரு கட்டம் கிடைக்கவில்லை. அவர் பெயரே எனக்கு 44 வயதில்தான் தெரிந்தது. அதுவரை அவரைச் சிவகாசிக்காரர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நினைக்காமல் என்ன செய்வது? 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’ வந்தபோது எனக்கு 11 வயது. ஊர் கோவில்பட்டி. பஸ் ஏறினால் சிவகாசி பக்கம்தான். தீப்பெட்டி லேபிள் அங்கிருந்து வருகிறது. காலண்டர் முருகனும் லட்சுமியும் அங்கிருந்து வருகிறார்கள். மாயாவியும் அங்கிருந்து வருகிறான். அப்படியானால் எல்லாரையும் வரைகிறவர் ஒருத்தராகத்தான் இருக்க வேண்டும். காலண்டர் வேலை இல்லாத மாதங்களில் மாயாவி போடுகிறார். லட்சுமிக்கே ரோஸ் கலர் தீர்ந்துபோவதால் இங்கே கறுப்பை வைத்து ஒப்பேற்றுகிறார். இதுதான் என் தீர்மானம். லண்டன் தெருவும் புகைபோக்கியும் மழைக்கோட்டும் எப்படி இவ்வளவு சரியாக வருகிறது என்று கேட்ட தெருப் பையனிடம், “அவரு ஃபாரின் போயிட்டு வந்தவருல்லா” என்று அடித்துவிட்டேன். லண்டன் சரியாக வந்திருக்கிறதா இல்லையா என்று எங்கள் இருவருக்குமே தெரியாது என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

காசு கொடுத்து வாங்குகிற வசதியெல்லாம் கிடையாது. பஜாரில் ஒரு அண்ணாச்சி, பெட்டிக்கடை முகப்பில் கயிறு கட்டிப் புத்தகங்களைத் தொங்கவிட்டிருப்பார். பத்துப் பைசா கொடுத்தால் பெஞ்சில் உட்கார்ந்து படித்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பினால் தலையில் ஒரு குட்டு. அதற்குத் தனிக் காசு இல்லை.

கதை தெரியாத பாவப்பட்ட ஜென்மங்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆராய்ச்சிக்கூட உதவியாளன். விபத்தில் வலது கை போய், இரும்புக் கை பொருத்திக்கொண்டவன். அப்புறம் ஒரு நாள் அவன்மேல் மின்சாரம் பாய்கிறது. சாவதற்குப் பதிலாக மறைந்துவிடுகிறான், போட்ட துணியோடு. இரும்புக் கை மட்டும் மறையவில்லை; அந்தரத்தில் நிற்கிறது. ஆரம்பத்தில் அந்தக் கையை வைத்துக்கொண்டு திருடத்தான் செய்தான். திருந்தி, நிழற்படை என்ற உளவுப் படையில் சேர்ந்ததெல்லாம் பிற்பாடு. மின்சாரத்தின் வேகம் இறங்க இறங்க உடம்பு தெரிய ஆரம்பிக்கும். உடனே எங்கேயாவது ஒரு பிளக்கைத் தேடி விரலைச் செருகியாக வேண்டும்.

எங்கள் வீட்டில் பிளக் ஒன்றே ஒன்றுதான், ரேடியோவுக்கு. இரும்புக் கைக்கு எங்கே போவது? அத்தையின் கொண்டை ஊசி இருந்தது. நான் சுவரோரம் போய் விழுந்தேன். தெருப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்த பையன் திரும்பி, “ஏலே, நீ தெரியத்தாம்லே செய்தே” என்றான். மறைந்தது வீட்டு வெளிச்சம் மட்டும். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்த பிறகு, நிஜமாகவே மறைய வேண்டிய அவசியம் வந்தது. மாட்டுத்தொழுவத்தில் வைக்கோலுக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் மறைந்திருந்தேன், மின்சார உதவி இல்லாமல்.

மாயாவி ஆக முடியாது என்று தெரிந்தபின் மாயாவியை வரையலாம் என்று இறங்கினேன். அங்கேதான் எனக்கு நிஜமான ஷாக் அடித்தது. மற்ற காமிக்ஸ் ஆட்களை வெளிக்கோடு போட்டுப் பிடித்துவிடலாம். இந்த ஆளுக்கு வெளிக்கோடே கிடையாது. ஒரு கன்னத்தில் வெளிச்சம் விழுகிறது, மறு கன்னத்தை இருட்டு தின்றுவிடுகிறது. நடுவில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கீறல்கள். அப்பாவின் பைலட் பேனாவில் அந்தக் கீறல்களைப் போட்டுப் போட்டு நோட்டு கிழிந்தது. பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் டிராப்ட்ஸ்மேன் கோர்ஸில் சேர்ந்தபோது வாத்தியார் என் முதல் தாளைப் பார்த்து, “செங்கல் சுவர் வரையச் சொன்னா ஏம்ப்பா பேய் பங்களா வரைஞ்சு வச்சிருக்கே?” என்றார்.

2005-ல் லண்டனில் வேலை பார்க்கிற அக்கா மகன் ஊருக்கு வந்தபோது ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை நீட்டினான். “மாமா, இது உங்க ஆளுதானே?” ‘தி ஸ்டீல் க்ளா: தி வேனிஷிங் மேன்.’ டைட்டன் பதிப்பகம் அந்த வருஷம் வெளியிட்டது. அட்டையில் என் ஆள்தான், கை நீட்டிக்கொண்டு. உள்ளே எழுதியவர் பெயரோடு வரைந்தவர் பெயரும் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன்: ஜீசஸ் பிளாஸ்கோ.

மறுநாள் வாக்கிங்கில் நண்பரிடம் சந்தோஷம் தாங்காமல், “இரும்புக்கை மாயாவியை வரைஞ்சது யாருன்னு தெரிஞ்சுபோச்சு” என்றேன். யார் என்றார். இயேசு என்றேன். அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். கொஞ்ச நேரம் பேசாமல் நடந்துவிட்டு, “அவருக்குத் தச்சு வேலைதானே தெரியும்” என்றார். ஸ்பெயினில் அது சாதாரணப் பெயர் என்றும் அங்கே ஹேசுஸ் என்று சொல்வார்கள் என்றும் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஆக, சிவகாசி இல்லை, பார்சிலோனா. 1919-ல் பிறந்தவர். 1935-ல், பதினாறு வயதுகூட ஆகாதபோது, ஸ்பெயினில் வந்துகொண்டிருந்த ‘மிக்கி’ பத்திரிகையில் படம் வெளியாகியிருக்கிறது. அதே வருஷம் ‘பொலிச்சே’ என்ற பத்திரிகையில் கூத்தோ என்று ஒரு பையனைப் படைத்தார். அடுத்த வருஷம் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர். 1939-ல் போர் முடிந்து பிராங்கோவின் ஆட்சி வந்தபோது பேனா பிழைத்திருந்தது; கூத்தோவும் பிழைத்திருந்தான். கான்சுவேலோ ஹில் என்ற அம்மையார் நடத்திய ‘சிக்கோஸ்’ வார இதழில் அவன் மறுபடியும் வந்தான். 1945-ல் வந்த ‘கிழக்கில் ஒரு துயரம்’ என்ற பொருள்படும் கூத்தோ தொடரை ஸ்பானிய காமிக்ஸின் உச்சங்களில் ஒன்றாக வைக்கிறார்கள். மில்டன் கானிஃப், அலெக்ஸ் ரேமண்ட் என்று அமெரிக்கக் கைகளைப் பார்த்து வளர்ந்த கை அது. கானிஃபிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது நிழலை. எதையும் முழுக்கக் காட்டாதே, முக்கால்வாசியை மசியில் முக்கிவிடு, மிச்சத்தை வாசகன் பார்த்துக்கொள்வான் என்கிற தைரியம்.

இன்னொரு விஷயமும் கிடைத்தது. 1941-ல் சிறுமிகளுக்கான ‘மிஸ் சிக்காஸ்’ பத்திரிகையில் அனிதா என்ற குட்டிப் பெண்ணை வைத்து ஒரு தேவதைக் கதைத் தொடரும் போட்டிருக்கிறார். காடு, குள்ளர்கள், சூனியக்காரி, எல்லாம் உருண்டை உருண்டையாக, கொஞ்சத் தோன்றும்படி. கிராண்டேலின் நெற்றி வேர்வையை வரைந்த அதே விரல்கள்தான். லட்சுமியையும் மாயாவியையும் வரைகிறவர் ஒருத்தரே என்ற என் கோவில்பட்டிச் சித்தாந்தம், ஊரைத் தவிர மற்றபடி சரி!

அந்தக் காலத்து ஸ்பெயினில் அவருக்குப் பெயர் இருந்தது, துட்டு இல்லை. இங்கிலாந்தில் நேர்மாறு. லண்டனின் பெரிய பத்திரிகைக் கம்பெனிகள் வாராவாரம் எண்ணற்ற பக்கங்களை அச்சடித்துத் தள்ளின. அத்தனைக்கும் உள்ளூர்க் கைகள் போதவில்லை. பார்சிலோனாவில் கை இருந்தது, பவுனில் சம்பளம் என்றால் கசக்குமா? ஐம்பதுகளிலிருந்து பிளாஸ்கோ அங்கே வரைய ஆரம்பித்தார். ஒரே நிபந்தனை, பக்கத்தில் பெயர் வராது. எழுதியவர் பெயரும் வராது. ஓவியர்கள் ஓரத்தில் கையெழுத்துப் போட்டாலும் அலுவலகத்தில் வெள்ளை மையை வைத்து அழித்துவிடுவது அங்கே வழக்கம். மூலப்படமும் வரைந்தவருக்குத் திரும்பி வராது. பெயர் பிரபலமானால் ஆள் ரேட்டை ஏற்றுவான் அல்லது எதிர்க் கம்பெனி கொத்திக்கொண்டு போய்விடும் என்ற கணக்கு. கல்வெர்ட்டுக்கு மூன்று கையெழுத்துக் கேட்கிற என் இலாகாவை நான் அதுவரை மரியாதையோடு நினைத்ததில்லை. அன்றைக்கு நினைத்தேன்.

1962 அக்டோபர் 6. ‘வேலியண்ட்’ என்ற புது வார இதழின் முதல் இதழிலேயே ‘ஸ்டீல் க்ளா’ தொடங்குகிறது. கதை முதலில் கென் பல்மர், பிறகு டாம் டல்லி. மறைந்து திரிகிற மனிதனின் கதையை, மறைக்கப்பட்ட ஓவியர் வரைகிறார். இரண்டு பேருக்கும் வெளியே தெரிந்தது கை மட்டும்தான். லண்டன் ஆபீசில் யாருக்காவது இது உறைத்ததா என்று தெரியவில்லை. உறைத்திருந்தால் அந்தக் கையையும் வெள்ளை மை வைத்து அழித்திருப்பார்கள்.

ஆங்கிலப் பெயரையே பாருங்கள், வெறும் ‘இரும்பு நகம்’. கண்ணுக்குத் தெரிவதோடு நின்றுவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாததையும் சேர்த்து ‘மாயாவி’ என்றது தமிழ்தான்.

தெரியாததை எப்படி வரைவது? எங்கள் தொழிலில் இதற்குச் சட்டமே இருக்கிறது. மண்ணுக்குள் இருக்கும் அஸ்திவாரம், சுவருக்குள் ஓடும் குழாய், எல்லாவற்றுக்கும் புள்ளிக்கோடு. பிளாஸ்கோவும் புள்ளிக்கோடு போட்டுத் தப்பித்திருக்கலாம், கேட்பார் யார்? பெரும்பாலும் அவர் அப்படிச் செய்யவில்லை. ஆள் நிற்க வேண்டிய இடத்தைச் சும்மா விட்டுவிட்டு, சுற்றி நிற்பவர்களின் கண்ணை வரைந்தார். காவலாளியின் கண் ஒரு பக்கம் பிதுங்குகிறது. கை இங்கே மிதக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வெறும் தாளில் ஐந்தே முக்கால் அடிக்கு ஓர் ஆள் நிற்பதை நான் பார்த்தேன், சத்தியமாக. தோள் எங்கே, முழங்கை எப்படி மடங்கியிருக்கிறது என்பது வரை அந்தக் கையின் சாய்வே சொல்லிவிடும். இல்லாத உடம்புக்கு எலும்பு கட்டத் தெரிந்தவனால்தான் அந்த மணிக்கட்டை அப்படித் திருப்ப முடியும். பாலத்துக்கு லோடு கணக்குப் போடுகிற என்ஜினியர்களில்கூட இந்த நிச்சயத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

உடம்பு தெரிகிற கட்டங்களிலும் சுகவாசி மூஞ்சி இல்லை. ஒட்டிய கன்னம், கலைந்த முடி, தூங்காத கண். கதாநாயகன் என்றால் சவரம் செய்து பவுடர் போட்டிருக்க வேண்டும் என்று நினைத்திருந்த எங்களுக்கு அது பயமாக இருந்தது, அதனால் பிடித்தது. அறுபதுகளின் பின்பாதியில் மாயாவிக்கு சூப்பர் ஹீரோ மாதிரி ஒரு இறுக்க உடுப்பு மாட்டிப் பார்த்தார்கள். டி.வி.யில் பேட்மேன் ஓடிய ஜுரம். ஓவியர் என்ன நினைத்தாரோ, எனக்கு அது ஜரிகை வேட்டி கட்டிக்கொண்டு கிணற்றில் தூர் வாருகிற மாதிரி இருந்தது. நல்லவேளை, கழற்றிவிட்டார்கள்.

இந்த அத்தனையும் அவர் ஒருவர் செய்ததா என்றால் அதிலும் ஒரு சிக்கல். பிளாஸ்கோ வீடு ஒரு பட்டறை. அலெஹாந்த்ரோ, அத்ரியானோ, அவுகுஸ்தோ என்று தம்பிமார், பிலி என்ற தங்கை, எல்லாருமே பேனா பிடித்தவர்கள். அண்ணன் கோட்டுக்குத் தம்பி மசி, அண்ணன் முகத்துக்குப் பின்னால் தம்பியின் கட்டடம். நம் ஊரில் நகைப்பட்டறையிலும் சிற்பக்கூடத்திலும் இருக்கிற ஏற்பாடுதான். ‘வரைந்தவர்’ என்ற கட்டத்தை யாராவது மனமிரங்கிக் கொடுத்திருந்தாலும் ஒரு வரி போதாமல் சண்டை வந்திருக்கும்.

டைட்டன் புத்தகம் வந்த ராத்திரி நான் தூங்கவில்லை. எங்கள் கைக்கு வந்த மாயாவி கையடக்க அளவு, மட்டமான தாள். பிளாஸ்கோ வரைந்ததோ ‘வேலியண்ட்’டின் அகலமான பக்கத்துக்கு. சின்னதாக்கும்போது அந்த நூற்றுக்கணக்கான கீறல்களுக்கு நடுவே மை புகுந்து எல்லாம் ஒரே தார். நான் கறுப்பு என்று நினைத்திருந்த இடத்தில் 33 வருஷம் கழித்துப் பார்க்கிறேன், செங்கல் இருந்தது! ஈரத் தரையில் விளக்கின் நிழல் இருந்தது. ஐ.டி.ஐ. வாத்தியார் திட்டிய பேய் பங்களா பாதிக்கு மேல் அச்சாபீஸ் கைங்கரியம்; அதைத்தான் நான் பாணி என்று பயின்றிருக்கிறேன்.

இன்னொன்றும் புரிந்தது. இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை மாயாவிக்கு ஏன் ஒரு கண்டம் வருகிறது? கரண்ட் தீர்கிறது, கதவு பூட்டுகிறது, தண்ணீர் ஏறுகிறது. அண்ணாச்சி கடை பெஞ்சில் மூச்சுவிட நேரமில்லாமல் படித்தோம். அது வாரத்துக்கு இரண்டு பக்கமாக வந்த தொடர். ஒவ்வொரு கண்டமும் லண்டன் பையனுக்கு ஒரு வாரக் காத்திருப்பு. அவன் மாதக்கணக்கில் ஏங்கி முடித்த கதையை நான் ஒரு ஞாயிறு மத்தியானம், சாப்பாட்டுக்கும் காப்பிக்கும் நடுவில், பத்துப் பைசாவுக்கு முடித்துவிட்டேன். காலனி ஆதிக்கத்துக்கு எங்களால் முடிந்த பழிவாங்கல்.

பார்சிலோனாப் பையன்களின் கதை இதைவிட விசேஷம். அவர்கள் ஊர் ‘வெர்த்திசே’ பதிப்பகம் அறுபதுகளில் ‘ஸார்பா தெ அசேரோ’ என்று இதே கதையை ஸ்பானிய மொழியில் போட்டது, அதுவும் கையடக்கமாக, கட்டங்களை வெட்டி ஒட்டி. பக்கத்துத் தெருக்காரர் வரைந்தது லண்டன் போய், ஆங்கிலம் பேசி, மொழிபெயர்ப்பாகித் திரும்பி வந்து, இறக்குமதிச் சரக்கு என்று விற்றிருக்கிறது. அந்த ஊரிலும் ஏதாவது ஒரு பையன் “ஃபாரின் ஆர்ட்டிஸ்டுல்லா” என்று அடித்துவிட்டிருப்பான்.

மனிதர் உட்காரவில்லை. 1968-ல் பெல்ஜியத்தின் ‘ஸ்பிரூ’ இதழுக்கு ‘லோஸ் கெர்ரியேரோஸ்’ என்ற வெஸ்டர்ன் தொடர், தம்பிமாரோடு. 1977 பிப்ரவரியில் லண்டனில் ‘2000 ஏடி’ தொடங்கியபோது முதல் இதழின் ‘இன்வேஷன்’ கதைக்குப் படம் அவருடையது. பெயர் போடவில்லை. சில மாதங்கள் கழித்து அதே பத்திரிகையில் கெவின் ஓநீல் என்ற இளைஞர் எழுதியவர், வரைந்தவர் பெயர்களை ஒரு சின்னப் பெட்டியில் நுழைத்துவிட, இங்கிலாந்தில் அந்தப் பழக்கம் வேர் பிடித்தது. கட்டம் வந்தபோது வாலிபம் போய்விட்டது, பிளாஸ்கோவுக்கு வயது 57 தாண்டியாயிற்று. பிறகும் ஸ்பெயினின் ‘கேப்டன் ட்ருவேனோ’வுக்கு எண்பதுகளில் புதுக் கதைகள், கடைசி வருஷங்களில் இத்தாலியின் டெக்ஸ் வில்லர். 1995-ல் பார்சிலோனாவில் காலமானார். அந்த வருஷம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு மதகுக்கு இனிஷியல் போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

எங்கள் ஆபீசிலும் பிறகு கம்ப்யூட்டர் வந்து, டிரேசிங் துணியும் ராட்ரிங் பேனாவும் பீரோவுக்குப் போயின. மவுஸைப் பிடித்த என் கோட்டுக்கும் பக்கத்து சீட்டுப் பையன் கோட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது. கட்டத்தில் இனிஷியல் மட்டும் டைப் அடித்து வந்தது.

அண்ணாச்சி கடையைக் காலி செய்தபோது எனக்கென்று ஒரு பழைய மாயாவியை எடுத்துவைத்துக் கொடுத்திருந்தார், கயிறு போட்ட ஓட்டையோடு. போன மாதம் அதைப் பார்க்க ஒரு தம்பி வந்தார். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை, பழைய முத்து காமிக்ஸ் சேகரிக்கிறவர். நல்ல பிள்ளை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் புத்தகத்தைத் தொட்டார். நான் எச்சில் தொடாமல் பக்கம் திருப்பினேன். பழைய குட்டு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

“சார், இதை அடிக்கடி திறக்காதீங்க. பிளாஸ்டிக் கவர்ல போட்டு அப்படியே வச்சிரணும். படிச்சா முதுகு உடைஞ்சிரும்.”

“படிக்காம என்ன தம்பி பண்ணுறது?”

“வச்சிருக்கிறதுதான் சார்.”

ஐயாயிரம் வரை போகலாம் என்று முகத்தில் தெரிந்தது. கடைசிப் பக்கத்துக்கு வந்தார். அங்கே வலது கீழ் மூலையில், 2005-ல் அந்தத் தூங்காத ராத்திரியில் நான் பாயிண்ட் த்ரீ பேனாவில் போட்ட கட்டம் இருந்தது. வரைந்தவர்: ஹேசுஸ் பிளாஸ்கோ, உடன்பிறந்தோர். சரிபார்த்தவர்: என் இனிஷியல். ஒப்புதல் வரி காலி.

தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

“யாரு சார் இதுல கிறுக்கினது? கிறுக்கல் இருந்தா பாதி ரேட்டுதான் போகும்... பென்சிலா?”

“இந்தியன் இங்க்” என்றேன்.

“அப்போ அழியாதே சார்” என்றார், நிஜமான வருத்தத்தோடு.